முப்பது வருட நோட்டும் நாலு முத்திரையும்

என் பணி நோட்டுக்கு இந்த ஜூனில் முப்பது வயது. அரசாங்கம் கேட்டு எழுதிய நோட்டு அல்ல. கேட்டு எழுதியவை பீரோ நிறைய இருக்கின்றன.

1996-இல் கல்வராயன் மலையில் ஓர் ஈராசிரியர் பள்ளிக்கு வந்து சேர்ந்தேன். தலைமையாசிரியர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், "நடத்துறது அப்புறம் தம்பி, மொதல்ல எழுதிடுங்க." பாடக்குறிப்பு எழுதியிருக்கிறதா என்று பார்க்க அதிகாரி வருவார். அவர் வருவது மழையையும் கச்சிராயபாளையத்திலிருந்து ஏறும் பஸ்ஸையும் பொறுத்தது. வந்தால் சிவப்பு மையில் ஒரு சுருக்கொப்பம், ஒரு டீ, கீழே இறங்கிவிடுவார். நடக்காத பாடமெல்லாம் அந்தக் குறிப்பேட்டில் முத்து முத்தான கையெழுத்தில் நடந்துகொண்டிருந்தது. நடந்ததை எழுதவும் ஓர் இடம் வேண்டுமே என்று ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கினேன். அதன் வாரிசுகள்தான் இன்றுவரை ஓடுகின்றன.

பள்ளி ஓரடிகூட நகரவில்லை. மாவட்டம் மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. நான் வந்தபோது மேசை டிராயரில் 'தென்னாற்காடு மாவட்டம்' முத்திரை கிடந்தது. 1993-இலேயே காலாவதியானது. புழக்கத்தில் இருந்தது 'விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம்'. அந்தப் பெயரை ஒரு ரப்பர் வட்டத்துக்குள் அடக்கினால் பள்ளியின் பெயருக்கு இடமில்லை. 1997-இல் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்களை எடுத்தார்கள். வெறும் விழுப்புரம் ஆனோம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி. இப்போது டிராயரில் நாலு முத்திரைகள். பெரியவர்களைக் கேட்டால் இன்னும் தென்னாற்காடு என்றுதான் சொல்கிறார்கள். அந்த முத்திரைதான் எழுத்து தேயாமலும் இருக்கிறது.

இந்த மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. சுதந்திரம் கீழே வந்து, மலையேற இருபத்தொன்பது வருடம் ஆகியிருக்கிறது. மலைமக்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 1996-இல்தான் என்பதை 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. நான் வாத்தியாரான வருடம்தான் என் மாணவர்களின் தாத்தாக்கள் வாக்காளர்கள் ஆனார்கள். நீதிமன்றம் இந்த மலையைத் தானாகத் திரும்பிப் பார்த்ததும் எதற்குப் பிறகு? கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன பிறகு.

அன்று பட்டியலில் பெயரே இல்லாத சனம். இன்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆதார் எண், பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் எண், வங்கிக் கணக்கு எண். பெயரைக் கேட்டால் வெட்கப்பட்டுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு இத்தனை எண்கள்! குறை சொல்வதற்காக எழுதவில்லை. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க வந்த பிறகு, 'வயிற்று வலி என்று படுத்துவிட்டான்' என்ற வரி என் நோட்டில் அருகிவிட்டது. பசிக்கு மலைப்பிள்ளைகள் வைத்திருந்த பெயர் அது.

வருகைப் பதிவு இப்போது செயலியில். சிக்னல் பள்ளிக்கூடத்தில் இல்லை. பின்னால் இருக்கும் பாறைக்கு மேல் இருக்கிறது. அன்று அதிகாரி மலையேறினார், இன்று நான் பாறை ஏறுகிறேன். சிவப்பு மைக்குப் பதிலாக ஒரு பச்சை டிக். டீச்செலவு மிச்சம்.

செயலிக்குத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு வகை: வந்தவர், வராதவர். மூன்றாம் வகுப்பில் ஒருத்தி காபித் தோட்ட வேலைக்குப் போன அப்பா அம்மாவோடு போயிருக்கிறாள். பொங்கலுக்கு வருவாள், வரும்போது கூட்டல் நினைவிருக்கும், கழித்தல் மறந்திருக்கும். பாட்டியிடம் விட்டுப்போன தம்பி அவள் இடத்தில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறான். செயலியில் அவள் ஒரு சிவப்புப் புள்ளி. நோட்டில் அரைப் பக்கம்.

அடுத்த வருடம் நான் ஓய்வு பெறுகிறேன். மலைக்கு வரும் இளம் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஏற்ற வேண்டியதையெல்லாம் பாறைமேல் நின்று ஏற்றிவிட்டு, கீழே வந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று எழுதி வையுங்கள். ஆய்வுக்கு வருபவர்கள் அதைக் கேட்டுவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். முப்பது வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.