பாதையண்ணை

பாதையண்ணையிடம் யாரும் வழி கேட்கத் தேவையில்லை. ஒஸ்லோவின் வெஸ்ட்லியிலிருந்து நகரத்துக்குப் போகப் போகிறீர்கள் என்ற செய்தி அவர் காதில் விழுந்தால் போதும். தேத்தண்ணிக் கோப்பை மேசைக்குப் போய்விடும், கண்கள் பாதி மூடிக்கொள்ளும். “நாலாம் நம்பர் வந்தா ஏறுங்கோ. ஆனா அதிலயே இருந்திடாதேங்கோ. ஓக்கர்னில இறங்கி அஞ்சுக்கு மாறுங்கோ. முன்னுக்கிருந்து ரெண்டாம் பெட்டி, கடைசிக் கதவு. இறங்கினா லிப்ட் நேர முன்னுக்கு.” கேட்டுக்கொண்டிருப்பவர் கனடாவிலிருந்து வந்த மாமியாக இருக்கலாம், கைக்குழந்தைக்காரியாக இருக்கலாம், நாற்பது வருடமாக இதே வெஸ்ட்லியில் குடியிருப்பவராகவும் இருக்கலாம். அண்ணைக்கு அது பொருட்டல்ல. பயணம் என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு மாறல் இருந்தாக வேண்டும். மாறல் இல்லாத பயணத்தை அவர் பயணமாகவே ஒத்துக்கொள்வதில்லை.

இந்த ஓக்கர்ன் மாறலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அண்ணையின் மொத்த மேதைமையும் அதில்தான் இருக்கிறது. ஒஸ்லோவின் சுரங்க ரயிலான டி-பானெயில் நாலாம் தடமும் ஐந்தாம் தடமும் வெஸ்ட்லியிலிருந்து ஓக்கர்ன் வரை ஒரே தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. அதற்குப் பிறகு ஐந்து நேராக கார்ல் பேர்னர் வழியாக நகரத்துக்குள் இறங்கும். நாலு, 2016இல் திறந்த லோரன் சுரங்கத்துக்குள் புகுந்து, நகரத்தின் வடக்கைச் சுற்றி மயூர்ஸ்டூவன் பக்கமாக வரும். ஆகவே ஐந்துதான் சீக்கிரம் போகும், இதில் அண்ணை சொல்வது சரி. ஆனால் முன்னே போகும் நாலை, பின்னே வரும் ஐந்து அதே தண்டவாளத்தில் முந்த முடியாதே! ஓக்கர்னில் இறங்கி நீங்கள் காத்திருந்து பிடிக்கும் ஐந்து, வெஸ்ட்லியிலேயே இன்னும் சில நிமிடம் நின்றிருந்தால் உங்கள் முன்னால் வந்து கதவைத் திறந்திருக்கும் அதே ஐந்துதான். மிச்சமான நேரம் பூச்சியம். வெஸ்ட்லி தொடக்க நிலையம், அங்கே ஏறினால் இருக்க இடம் கிடைக்கும். ஓக்கர்னுக்கு வரும்போது அந்த இடத்தில் ஸ்டோவ்னர்க்காரரும் கல்பாக்கன்காரரும் இருப்பார்கள். தை மாதத்தில் திறந்தவெளி மேடையில் நின்று, மூட்டு விறைத்து, பிறகு நின்றுகொண்டே நகரம் போய்ச் சேர்வதுதான் அண்ணையின் திட்டம் மாமிக்குத் தந்த லாபம்.

சரி, மாமி மாறவே மறந்து நாலிலேயே இருந்துவிட்டால் என்ன குடி மூழ்கிப்போகும்? ஒன்றும் இல்லை. நாலு சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கமாக வந்து நகர மையத்தின் அதே யேர்ன்பானெதோர்கெ நிலையத்தில்தான் நிற்கும். பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதல், அதுவும் இருந்தபடி, சூட்டுக்குள். 1966 மே 22இல் கிழக்குப் பக்கத்து டி-பானெ திறந்த காலத்திலிருந்து வளர்ந்து வளர்ந்து, இன்று ஐந்து தடங்களும் மயூர்ஸ்டூவனுக்கும் தோயனுக்கும் இடையிலுள்ள ஒரே சுரங்கத்தின் வழியாகத்தான் போகின்றன. ஐந்தாம் தடம் இன்னும் ஒரு படி மேல். அது அந்தச் சுரங்கத்துக்குள் போய், வெளியே வந்து, வடக்கைச் சுற்றும் வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இரண்டாம் தரமும் அதே நிலையங்கள் வழியாகப் போகிறது. நித்திரையில் இறங்க மறந்தவரையும் திரும்பக் கொண்டுவந்து காட்டும் ரயில் உலகத்தில் எத்தனை ஊரில் இருக்கிறது? பிழை விடவே பெரும்பாடு பட வேண்டிய ஊர் இது. இப்படிப்பட்ட ஊரில் வழிகாட்டிக்கு வேலை குறைவு. வேலை குறைந்ததால்தான் அண்ணை வேலையை உண்டாக்கிக்கொள்கிறார் என்பது என் வாதம்.

கட்டண விஷயத்தில் அண்ணைக்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம். நகரத்துக்குள் கணக்குப் பார்க்க ஒன்றுமில்லை. ஒஸ்லோ முழுக்க ஒரே வலயம், நகரப் போக்குவரத்து நிறுவனமான ரூட்டரின் டிக்கெட் ஒன்று எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் சுரங்க ரயில், டிராம், பஸ், வலயத்துக்குள் ஓடும் வீ நிறுவன ரயில், ஹூவெடோயா தீவுக்குப் போகும் படகு எல்லாம் அதற்குள் அடக்கம். அதனால் அண்ணை விமான நிலையத்துக்குத் தாவிவிடுவார். கார்டெர்மூவன் விமான நிலையத்துக்குப் போகும் விரைவு ரயிலான ஃப்ளீதோகெ தனி நிறுவனம், அதில் ரூட்டர் டிக்கெட் செல்லாது. அதே தண்டவாளத்தில் போகும் வீ ரயிலில் ஏறக்குறைய பாதிக் காசு. கையில் மாத அட்டை இருந்தால், நகர வலயத்துக்கு வெளியே உள்ள துண்டுக்கு மட்டும் மேலதிக டிக்கெட் எடுத்தால் போதும். இது அருமையான தகவல், முதன்முதல் வருகிற குடும்பத்துக்கு உண்மையிலேயே காசு மிச்சம். இதோடு அவர் நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் வந்திராது.

“படியில்லாத வழி சொல்ல ஒருவர் வேண்டாமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முழங்கால் தேய்ந்தவருக்கும், பிள்ளை வண்டில் தள்ளுகிறவளுக்கும், சக்கர நாற்காலிக்காரருக்கும் வரைபடத்தில் உள்ள கோடு வழி ஆகாது. நார்வேயில் அணுகல்தன்மைச் சட்டம் 2009இலேயே நடைமுறைக்கு வந்தது. படியேற வேண்டியிருந்த பழைய டிராம்களுக்குப் பதிலாகத் தாழ்தள வண்டிகள் 87க்கு ஆர்டர் கொடுத்து, 2022இலிருந்து ஓடவிட்டார்கள். டி-பானெயில் மேடையும் வண்டித்தளமும் ஒரே மட்டம். மிஞ்சியிருப்பது மேடைக்கும் தெருவுக்கும் இடைப்பட்ட தூரம், அங்கே லிப்டோ சரிவோ மேடையின் ஏதோ ஒரு முனையில்தான் இருக்கும். எந்தப் பெட்டி என்ற அண்ணையின் ஆலோசனைக்கு இங்கே பெறுமதி உண்டு. மூன்று மூன்று பெட்டிகளாக இணைத்த வண்டி அது. ஒரு மூன்றுக்குள் நடந்து போகலாம், அடுத்த மூன்றுக்குத் தாண்ட முடியாது. பிழையான பாதியில் ஏறினால் இறங்கித்தான் நடக்க வேண்டும். இதையெல்லாம் செயலிகள் இவ்வளவு துல்லியமாகச் சொல்வதில்லை, அண்ணை சொல்வார்.

ஆனால் இந்த அறிவே அவருடைய மாறல் ஆசைக்கு எதிர்ச்சாட்சி. ஒவ்வொரு மாறலிலும் இன்னொரு வண்டி, இன்னொரு கதவு, மேடை மாற நேர்ந்தால் இன்னொரு லிப்ட். அந்த லிப்ட் அன்றைக்குப் பழுதாகியிருந்தால் திட்டம் முழுக்கப் பாழ். கால் ஏலாதவருக்கு நிமிடம் காசல்ல, படிதான் காசு. சுற்றுவழியானாலும் ஒரே வண்டியில் இருக்க விடுவதுதான் அவருக்குச் சிக்கனம். வேகமான வழியைக் கேட்டவருக்கும் இலகுவான வழியைக் கேட்டவருக்கும் அண்ணையிடம் ஒரே விடைதான் இருக்கிறது. கால் எப்படி என்று அவர் விசாரிப்பதே இல்லை, பெட்டி எண்ணைத்தான் திருப்பிச் சொல்லச் சொல்வார்.

அவர் இப்படி ஆனதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. எண்பதுகளில் இங்கே வந்த தமிழர்களில் பலர் முதலில் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்துவிட்டுப் பிறகுதான் ஒஸ்லோவின் கிழக்குப் பள்ளத்தாக்குக்கு இறங்கினார்கள். மொழி அரைகுறை, கைபேசி கிடையாது, விடியக் காலைத் துப்புரவு வேலை. ஒரு வண்டி தப்பினால் வேலை தப்பும். அச்சடித்த நேர அட்டவணையை மனப்பாடம் செய்தவர்தான் அன்று நாலு குடும்பத்தைக் காப்பாற்றினார். பதிவு அலுவலகம் எங்கே, பிரசவ ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று அவர் சொன்ன வழியில் போய்த்தான் ஒரு தலைமுறை ஊன்றியது. அந்த நன்றிக்காகத்தான் இன்றைக்கும் யாரும் அவர் பேச்சை இடைமறிப்பதில்லை. நன்றி நியாயம். ஆனால் அந்த நன்றிக்கடனை நாலு நிமிட வாட்ஸ்அப் குரல்பதிவாக, குறுக்கே மூன்று தரம் “இப்ப எங்க நிக்கிறியள்?” என்ற அழைப்போடு, இன்றைய விருந்தாளிகள் கட்டிக்கொண்டிருப்பது நியாயமில்லை. வேறு வழியால் போய் முன்னதாகவே சேர்ந்துவிட்டால் அவர் கோபித்துக்கொள்வது அதைவிட அநியாயம்.

ஒன்றை மட்டும் மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். அண்ணை டி-பானெயில் போவதை நிறுத்திப் பல காலம். அவரிடம் மின்சாரக் கார் இருக்கிறது. அதில் பின்னிருக்கை மூன்றும் காலி. மாமிக்கு ஓக்கர்ன் வழியை ஒப்புவித்து முடித்தபின், மாமி போகும் அதே கலியாண மண்டபத்துக்கு அவர் அந்தக் காரில்தான் புறப்படுகிறார், சுங்க வளையத்தில் எந்தப் பக்கத்தால் நுழைந்தால் எத்தனை குரோனர் என்று மனைவிக்கு விளங்கப்படுத்திக்கொண்டு.