மடிக்கணினியின் ஐந்து அவத்தைகள்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தூங்கு என்றால் தூங்காது. தூங்கினால் எழாது. எழுந்தாலோ பாதி வேலையில் நீலத்திரையைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். பழைய லேப்டாப்பின் இம்மூவகைக் குற்றத்தையும் அறிஞர் உலகம் சர்வீஸ் கடைப் பையன்களிடம் விட்டுவிட்டு மூவேந்தர் காலத்தைக் கணித்துக்கொண்டிருக்கிறது. அக்குறை நீக்க எழுந்தது இக்கட்டுரை.

ஆய்வு எல்லை: வடக்கே புழல் ஏரி, தெற்கே பூந்தமல்லி, கிழக்கே பாடி மேம்பாலம், மேற்கே பட்டாபிராம். இவ்வெல்லைக்குள் பீரோ மேலும் தையல் மிஷின் மேலும் காணக்கிடைக்கும் இனங்களுள் தலையாயது ‘கவர்மென்ட் லேப்டாப்’. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தது இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான். எல்காட் கொள்முதல் செய்தது. மூடியில் முதலமைச்சர் படம். உள்ளே ஒரு பக்கம் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், மறுபக்கம் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். பிற்பாடு, 2018-இல், அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டது. லேப்டாப் எங்கும் போகவில்லை. அன்று பிளஸ் டூ படித்த பிள்ளை வேலைக்குப் போய்ப் புதிது வாங்கிக்கொள்ள, பழையது அப்பாவின் கரண்ட் பில்லுக்கும் தங்கையின் யூடியூபுக்கும் இறங்கி வந்தது. விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஓடு நிறுத்திக்கொண்டது. வீட்டார் நிறுத்தவில்லை.

நோய்க்காரணம் குறித்து இவ்வட்டாரத்தில் வழங்கும் கொள்கைகள் பல. முதன்மையானது ஃபார்மட் வாதம். அதன் மூலபாடம் பின்வருமாறு:

“ஓ.எஸ். கரப்ட் ஆயிடுச்சு சார். ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்.”

“போட்டோ எல்லாம் இருக்குமாப்பா?”

“டி டிரைவ்ல இருந்தா இருக்கும் சார்.”

இருக்காது. எல்லாப் போட்டோவும் டெஸ்க்டாப்பில்தான் இருக்கும், அது சி டிரைவ் என்பது பிறகுதான் தெரியவரும்.

இரண்டாவது, அழிப்பான் வாதம். ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து மாட்டுவது. முனையில் படிந்த அழுக்கு போவதால் இது பலமுறை பலிக்கவும் செய்யும். நடராஜ் அழிப்பானே உத்தமம் என்பர் இவ்வாதத்தின் தீவிரப் பிரிவினர். ஐந்தொழிலில் அழித்தல் அவருடையதுதானே. மூன்றாவது வைரஸ் வாதம். இது வாதமே அன்று, பெருமூச்சு.

எம் கொள்கை வேறு. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தில் உயிரின் ஐந்து அவத்தைகளைச் சொன்னார்: சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம். கருவிகள் ஒவ்வொன்றாகக் கழல, உயிர் புருவநடுவிலிருந்து மூலாதாரம்வரை இறங்கும் என்பது சித்தாந்தம். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூவரும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ. என்றொரு விதிநூலை வெளியிட்டனர். அதிலும் கணினி எஸ்-0 முதல் எஸ்-5 வரை இறங்குகிறது. எஸ்-0 சாக்கிரம், விழித்து வேலை செய்யும் நிலை. எஸ்-1, எஸ்-2 இரண்டும் அரைத்தூக்கம்; சொப்பனத்தில் அடக்குக. எஸ்-3 சுழுத்தி: திரை, டிஸ்க், பிராசசர் எல்லாம் அடங்க, ரேமுக்கு மட்டும் மின்சாரம் போகும். எஸ்-4 துரியம்: ரேமில் உள்ளதை அப்படியே டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு மின்சாரத்தை விட்டுவிடுவது, ஹைபர்னேட் என்பர். எஸ்-5 துரியாதீதம்: மூலாதாரமாகிய பவர் பட்டனில் மட்டும் சிறு உணர்வு தங்கியிருக்கும். மெய்கண்டாரை இன்டெல்காரர்கள் படித்தார்களா என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி நோய்க்கு வருவோம். சுழுத்தியில் ரேம் தன் நினைவைக் காக்க, சில்லின் எல்லா வரிசைகளும் 64 மில்லி நொடிக்கு ஒருமுறையாவது புதுப்பிக்கப்பட வேண்டும். மின்சாரம் நின்றால் நினைவும் போகும். பழைய லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகுகாலம் ஆகியிருக்கும். அது சார்ஜரின் தயவில் வாழ்கிறது. வீட்டுக்காரர் காலையில் மூடியைச் சாத்திவிட்டு வேலைக்குப் போகிறார். மாலையில் திறந்தால், திறந்துவைத்திருந்த பதினேழு டேபும் பாதி நிரப்பிய விண்ணப்பமும் காணோம். ‘கிராஷ்’ என்று முடிவு கட்டுகிறார். காரணம் லேப்டாப்புக்குள் இல்லை. அன்றைய நாளிதழில், ‘இன்றைய மின்தடை’ என்ற தலைப்பின்கீழ், காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை, மாதாந்திரப் பராமரிப்பு, அம்பத்தூர், அதன் சுற்றுவட்டாரம் என்று அச்சாகியிருக்கும். பேட்டரி இல்லாதவர்கள் மூடியைச் சாத்தினால் ஹைபர்னேட் ஆகும்படி பவர் ஆப்ஷன்ஸில் மாற்றிக்கொள்க. துரியத்துக்கு மின்வாரியத்தின் அருள் தேவையில்லை.

இங்கே ஒரு போலித் துரியாதீதமும் உண்டு. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், ‘ஷட் டவுன்’ கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாட்டில் உட்கருவை டிஸ்கில் எழுதிவைத்துக்கொண்டு, மறுமுறை அதையே எடுத்து ஓட்டும். தினமும் அணைத்துத்தான் போடுகிறேன், அதே கோளாறு அப்படியே இருக்கிறதே என்று புலம்புவோர் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்துப் பார்க்கவும். பிறவி புதிதாவது அதில்தான்.

தூங்க மறுக்கும் கணினியை எழுப்பியது யார் என்று அதையே கேட்கலாம். கமாண்ட் பிராம்ப்டில் ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையோடு ‘லாஸ்ட்வேக்’ சேர்த்து அடித்தால், மவுஸ், நெட்வொர்க் கார்டு, அப்டேட்டுக்காக வைத்த டைமர் என்று அகப்பட்டதைக் காட்டிக்கொடுக்கும். பையில் போட்டு ஆவடியில் ரயிலேறியவரின் லேப்டாப் சென்ட்ரல் வருவதற்குள் வெந்திருந்தால் இக்கூட்டத்தில் ஒன்றே குற்றவாளி. தட்டச்சு செய்யும்போதே திடீரென்று உறங்கினால் வேறு காரணம் உண்டு. பல மாடல்களில் மூடியில் ஒரு காந்தம், கீழ்ப்பாகத்தில் அதை உணரும் ஹால் சென்சார். எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவு. காந்தப் பூட்டு வைத்த மொபைல் கவரை அந்த இடத்தில் வைத்தால், மூடி சாத்தப்பட்டது என்று கணினி நம்பிவிடும்.

சொல்லாமல் செத்ததா? ஈவென்ட் வியூவர் என்னும் சித்திரகுப்தன் ஏட்டில் ‘கெர்னல்-பவர் 41’ என்று பதிவாகியிருக்கும். முறையாக அணையாமல் மறுபடி எழுந்தது என்பதே அதன் பொருள். பெரும்பாலும் காரணம் சொல்லாது. சித்திரகுப்தனும் கணக்கப்பிள்ளைதான், மருத்துவன் அல்லன். காரணத்தை நாமே தேட வேண்டும். அதற்கு ஒரு நூற்பா செய்தோம்:

உறங்கா தாயினும் உறங்கியெழா தாயினும்
விசிறி நோக்கல் மறவாக் கடனாம்.

அதற்கு உரை: கீழ்ப்புறத் திருகாணிகளைக் கழற்றுக. ஒன்று ஏற்கெனவே இராது. விசிறியின் காற்று வெளியேறும் வாயில், செம்புத் தகடுகளுக்கு முன்னால், சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை படிந்திருக்கும். டூத்பிரஷ் காம்பால் நெம்பினால் துண்டாக அல்ல, முழுப் பட்டையாகவே உரிந்து வரும். அதில் தலையணைப் பஞ்சு, தலைமுடி, எஸ்டேட் சாலைப் புழுதி, இறந்த எறும்பு ஒன்று. பிராசசர் மேலிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து வெள்ளைச் செதிலாக உதிரும். இவ்வளவையும் மெத்தை மேல் வைத்து, காற்றுத் துவாரத்தைப் போர்வையால் அடைத்து, அக்னி நட்சத்திரத்தில் யூடியூப் பார்த்தால் பிராசசர் 100 டிகிரி செல்சியஸை எட்டித் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணையும். விடியற்காலையில் ஒழுங்காக ஓடிப் பிற்பகலில் படுத்துவிட்டால் இதுதான் நோய். ஃபார்மட் அடித்தால் புழுதி போகாது.

ஆகவே எம் தீர்ப்பு: ஃபார்மட் கடைசி மருந்து. அதற்குமுன் மின்தடைப் பட்டியல், ரீஸ்டார்ட், காந்தம், விசிறி, அழிப்பான், இந்த வரிசையில் பார்த்துவிடுக. ஒரே ஒரு விலக்கு. டச்பேட் மேலே எழும்பி நின்றாலோ, கீழ்மூடி பிதுங்கினாலோ ஆராய்ச்சியை அங்கேயே நிறுத்துக. உள்ளே லித்தியம் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள், குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், மாநகராட்சிக் குப்பை வண்டியில் போடாதீர்கள். மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.