ஒன்றரை நூல்

மரவேலை ரூட்டர் வாங்குவது மாடு வாங்குகிற மாதிரி. மாட்டு விலையைத்தான் பேரம் பேசுவோம். வைக்கோல், பருத்திக்கொட்டைக் கணக்கெல்லாம் கொட்டகையில் கட்டிய பிறகுதான் வரும். பிட், காலட், பேஸ் பிளேட், அப்புறம் இந்தக் கைடு புஷ்.

கைடு புஷ் என்பது ரூட்டரின் அடித்தட்டில் மாட்டுகிற பித்தளைக் கழுத்து. அதன் நடுவே வெட்டுகிற பிட் சுழலும். பிளைவுட்டில் வெட்டிய அச்சின் ஓரத்தைக் கழுத்து உரசிக்கொண்டே போக, அதே வடிவத்தில் மரத்தில் குழி விழும். கை நடுங்கினாலும் குழி நடுங்காது.

குரங்கணியில் சித்தப்பாவின் தோட்டத்து வீட்டுக்குப் பலாக் கதவுகள். கதவுக்கு மூன்று கீல். கீலுக்கு நிலையில் ஒரு குழி, கதவில் ஒரு குழி. மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கி இறங்கிய காலத்தில் குரங்கணிப் பக்கம்தான் அடிவாரம். வடம் போய்விட்டது, மலைமேல் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு குக்கிராமம் மட்டும், எந்த ரயிலுக்கும் காத்திராமல், பெயரோடு இருக்கிறது. ஒரு திருகாணி தொலைந்தாலும் 16 கிலோமீட்டர் இறங்கிப் போடிக்குப் போகவேண்டிய ஊரில், சாமான்களை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

புஷ் பிட்டைவிடப் பருமன். அதன் வெளிவிட்டத்தில் பிட்டின் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கி, அச்சை ஒவ்வொரு பக்கமும் அவ்வளவு பெரிதாக வெட்ட வேண்டும். நான் செல்போனில் 15.875 கழித்தல் 6.35 என்று தட்டிக்கொண்டிருந்தேன். கதவு மாட்ட வந்த ஆசாரியார் காதிலிருந்த பென்சிலைக்கூட எடுக்கவில்லை.

“புஷ் அஞ்சு நூலு. பிட்டு ரெண்டு நூலு. மிச்சம் மூணு. பக்கத்துக்கு ஒன்றரை. நாலு இஞ்சுக் கீலுக்கு அச்சு நாலு இஞ்சு மூணு நூலு. இதுக்கு எதுக்குத் தம்பி போனு?”

போன் 4.7625 மில்லி என்றது. சரிதான். அதை எந்த டேப்பில் தேடுவது? எட்டு நூல் ஓர் அங்குலம் என்று மனசுக்குள் ஓடுகிற மனிதர் பக்கத்தில் இருக்கும்போது, மில்லிமீட்டர் புஷ் வாங்குவது வீண்வம்பு. அங்குலப் பித்தளை செட் என்று அப்போதே முடிவாகிவிட்டது. டிரிம்மர் என்கிற சின்ன ரூட்டரின் அடித்தட்டில் அது உட்காராது. அதற்குத் தோதான துளையுள்ள தட்டு தனி. நான் சொன்ன வைக்கோல் இதுதான்.

கூடவே ஒரு கூம்பும் வாங்க வேண்டும். புஷ்ஷின் நட்டநடுவில் பிட் நிற்க அதுதான் உதவும். அது இல்லாவிட்டால் ஒன்றரை நூல் ஒரு பக்கம் ஒன்றாகவும் மறுபக்கம் இரண்டாகவும் பங்கு பிரிந்துவிடும். கதவு காலமெல்லாம் முனகும். கழுத்தின் நீளத்தையும் பாருங்கள். 6 மில்லி பிளைவுட் அச்சில் 10 மில்லிக் கழுத்தை இறக்கினால் ரூட்டர் அச்சில் உட்காராமல் கழுத்தூன்றி நிற்கும்.

பிட்டைப் பிடிக்கிற காலட் விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. கால் அங்குல பிட் 6 மில்லிக் காலட்டில் நுழையாது, நல்லது. 6 மில்லி பிட், கால் அங்குலக் காலட்டில் சொகுசாக நுழையும், ஆபத்து அங்கேதான். வித்தியாசம் 0.35 மில்லிதான். ஆனால் டிரிம்மர் நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்றுகிறது. பிடி நழுவினால் பிட் யார் வீட்டுக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

குழிக்குள் ரூட்டரை வலமாக ஓட்ட வேண்டும், வெளி ஓரம் என்றால் இடமாக என்று விளக்கினேன். “நவக்கிரகமே ஒம்பது சுத்துல திருப்தியாயிருதே, இது முப்பதாயிரம் கேக்குதா?” என்றார் ஆசாரியார். ஆனாலும் வலமாகத்தான் ஓட்டினார். குழி பளிங்காக வந்தது, நான்கு இஞ்சு, ஒரு மயிரிழை பிசகில்லை. மூலைகளில் மட்டும் பிட்டின் உருண்டை நின்றது. கீலின் மூலையோ சதுரம். இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி மடியிலிருந்து உளியை எடுத்தார்.

செட்டில் எங்களுக்குப் பயன்பட்டது ஐந்து நூல் புஷ் ஒன்றுதான். மற்றவை டப்பாவில் மினுங்கின. போடி ஏலக்காய்க் கடையில் கணக்குப் பார்க்கும் மாமா, காயை 7 மில்லி, 8 மில்லி என்று சல்லடை போட்டு விலை பேசுகிற பரம்பரை. டப்பாவைக் கிளறிச் சின்ன புஷ் ஒன்றை எடுத்து, சட்டைப்பையிலிருந்த காயை அதன் துளையில் விட்டுப் பார்த்தார். காய் பாதியில் நின்றது.

“ஏழு மில்லிக்குச் சுத்தமா நிக்குது மாப்ள. எட்டுக்கு ஒண்ணு இருக்கா பாரு.”