1964-இன் காவல்காரர்

சித்தப்பா, திருச்செந்தூருக்கு வேனில் போய் வந்ததிலிருந்து உங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று மனசில் கிடந்தது. நேரில் சொன்னால் "போடா, வேலையப் பாரு" என்று எழுந்து போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

மண்டேலா நகரைத் தாண்டி வண்டி அருப்புக்கோட்டை ரோட்டில் ஏறியதும் அத்தான் பொதுவாகத்தான் கேட்டார், தமிழ்ப் பாட்டுக்கு உச்சமான வருசம் எது என்று. நீங்கள் யோசிக்கவே இல்லை. "அறுபத்தி நாலு. வேற பேச்சே கிடையாது" என்றீர்கள். பொங்கலுக்குக் கர்ணன். அடுத்த மாதமே காதலிக்க நேரமில்லை. பின்னாலேயே பச்சை விளக்கு, புதிய பறவை. தீபாவளிக்குப் படகோட்டி, டிசம்பரில் சர்வர் சுந்தரம். அத்தனையும் விஸ்வநாதன் – ராமமூர்த்தி. போதாதா என்றால் கே.வி.மகாதேவன் பங்குக்கு வேட்டைக்காரன், நவராத்திரி. கையில் காகிதம் இல்லை, செல்போனைத் தொடவில்லை. எது எந்த நாளில் வந்தது, எந்தத் தியேட்டரில் எத்தனை நாள் ஓடியது என்று ரேஷன் கடைப் பதிவேட்டைப் புரட்டுகிற மாதிரி வரிசையாகச் சொன்னீர்கள். இந்த வயதில் இப்படி ஒரு ஞாபகம் நம் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை. இவ்வளவையும் சொல்லி முடிக்க, ஒரு பாட்டின் மெட்டுகூட உங்களுக்குத் தேவைப்படவில்லை.

உங்கள் நேர்மையையும் சொல்ல வேண்டும். ஆயிரத்தில் ஒருவன் உங்களுக்கு எவ்வளவு பிடித்த படம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அத்தான் அதை இழுத்தபோது, "அது அறுபத்தஞ்சு, அதைச் சேர்க்கக் கூடாது" என்று நீங்களே தள்ளிவிட்டீர்கள். இசை அதே இரண்டு பேர்தான். பிரிவதற்கு முன்னால் இருவர் பேரும் சேர்ந்து வந்த கடைசிப் படம் அது. முப்பது வருடம் கழித்து எங்கிருந்தோ வந்தான் படத்தில்தான் மறுபடி சேர்ந்தார்கள். கப்பலில் எல்லோரும் கூடிப் பாடும் அந்தப் பாட்டை என் சின்ன வயதில் நீங்கள் குளிக்கும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட படத்தையே ஒரு காலண்டர் தாளுக்காக வாசலுக்கு வெளியே நிறுத்த உங்களால் முடிகிறது. சொந்தபந்தம் பார்க்காத நியாயம் என்றால் இதுதான்.

அத்தானும் உங்களுக்குக் குறைந்தவர் இல்லை. அவர் கட்சி 1986. மௌன ராகம், புன்னகை மன்னன் என்று அடுக்கிக்கொண்டே வந்து மெல்லத் திறந்தது கதவு என்றாரோ இல்லையோ, நீங்கள் பாய்ந்தீர்கள். "அது எங்க ஆளு போட்ட பாட்டுய்யா!" எம்.எஸ்.வியும் இளையராஜாவும் சேர்ந்து இசையமைத்த படம் அது. தன்னை இசைப் பக்கம் இழுத்தவர் என்று எம்.எஸ்.வியை வாய் நிறையச் சொல்லிய ராஜா, அவரோடு சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்த படம். அதை அத்தான் ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமும் பிடித்து இழுத்தீர்கள். பாகப்பிரிவினையில் கிணற்றைப் பாதியாக அளப்பார்களே, அந்த மாதிரி. பந்தல்குடி வரை அது முடியவில்லை. நடுவில் என் தம்பி, ரஹ்மானின் ரோஜா வந்த 1992-ஐக் கொண்டுவந்தான். அதே வருடத் தீபாவளிக்குத்தான் தேவர் மகன் வந்தது என்பதை அவன் கணக்கில் எடுக்கவே இல்லை. எடுத்தால் அவன் கட்சியில் ராஜாவும் வந்து உட்கார்ந்துவிடுவாரே.

இதில் நான் வியந்து நிற்பது, உங்கள் மூன்று பேருக்கும் உள்ள அறிவை. ஜி.கே.வெங்கடேஷ் எம்.எஸ்.வியிடம் உதவியாளராக இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர் ராஜா என்பது அத்தானுக்குத் தெரியும். அந்த ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்த பையன்தான் ரஹ்மான் என்பது தம்பிக்குத் தெரியும். தேவதாஸ் கதை இன்னும் பழசு. சி.ஆர்.சுப்பராமன் 1952-இல் பாதியில் கண்ணை மூடிவிட, அவரிடம் வேலை பார்த்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் மிச்சத்தை முடித்துக் கொடுத்தார்கள், படம் 1953-இல் வந்தது. இதை எனக்குச் சொன்னதே நீங்கள்தான். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு, அணையாமல் பார்த்து மாற்றிக் கொடுத்த விளக்கு இது. இவ்வளவும் தெரிந்த பிறகும், ஜனவரி ஒன்றாம் தேதியில் ஒரு கோட்டைக் கிழித்து, இந்தப் பக்கம் சொர்க்கம், அந்தப் பக்கம் ஒன்றுமில்லை என்று சாதிக்கிறீர்களே, அதற்குத் தனி மனத்திடம் வேண்டும். எனக்கு அது வராது.

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எட்டயபுரம் வர இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும். டிரைவர் தம்பி தன் பென்டிரைவை மாட்டியிருந்தார். நாலைந்து பாட்டு போன பிறகு சீர்காழி கோவிந்தராஜனின் குரல் வந்தது. கர்ணன் படத்தில், களத்தில் தேரோடு சாய்ந்து கிடக்கும் கர்ணனுக்காகக் கண்ணன் பாடுவதாக வரும் பாட்டு. கண்ணதாசன் எழுதியது. சக்கரவாகம் என்று நாம் சொல்லும் ராகத்துக்கு நெருக்கமான ஆகிர் பைரவில் அமைந்தது. உங்கள் 1964-இன் பாட்டு. அந்த வெண்கலக் குரல் மேலே ஏறியபோது நீங்கள் முன் சீட்டிலிருந்து கையை நீட்டி, "தம்பி, சத்தத்தக் கொறப்பா, பேசிக்கிட்டிருக்கோம்ல" என்றீர்கள். அவர் குறைத்தார். நீங்கள் 1964 ஏன் உயர்ந்தது என்பதற்கு அடுத்த காரணத்தைச் சொன்னீர்கள்.

ஒரு சொல் தடுமாறவில்லை. காது அந்தப் பக்கம் ஒரு நூல்கூடத் திரும்பவில்லை. தவம் செய்கிறவர்களுக்குச் சொல்லும் ஒருமுகம் அது. பின் சீட்டில், ஜன்னலோரம் சித்தி மட்டும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, குறைந்த சத்தத்தைக் காதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். டிரைவர் அதைக் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். பாட்டு முடிந்ததும், உங்கள் வாதத்துக்குக் கீழே ஒலிக்கிற மாதிரி, மெதுவாகக் கேட்டார்: "மறுபடி போடவாம்மா?" சித்தி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள் அல்லவா, அதனால்.

அதற்குள் எட்டயபுரம் விலக்கு வந்துவிட்டது. பாரதி பிறந்த ஊர் என்று போர்டைப் பார்த்து யாரோ சொன்னார்கள். முத்துசுவாமி தீட்சிதர் அடங்கிய ஊரும் அதுதான். 1835 தீபாவளியன்று அங்கேதான் அவர் மூச்சு நின்றது. அவர் கிருதிகளை எந்த வருடம் இயற்றினார் என்று பெரும்பாலானவற்றுக்குக் குறிப்பு இல்லை. சீடர்களும் தம்பி குடும்பமும் பாடிப் பாடிக் காப்பாற்றினார்கள். அதே எட்டயபுரத்தில் உட்கார்ந்துதான் சுப்பராம தீட்சிதர் அவற்றைச் சுரப்படுத்தி 1904-இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியாக அச்சுக்குக் கொடுத்தார். எந்த ராகம், எந்தத் தாளம் என்று தெரியும். எந்தக் கோயில், எந்தச் சாமி முன்னால் என்று தெரியும். வருடம் தெரியாது. அதனால் யாருக்கும் பாடுவது தடைப்படவில்லை. இதை அங்கே வேனிலேயே சொல்ல நினைத்தேன். நீங்கள் புதிய பறவையில் இருந்தீர்கள், குறுக்கே பேச மனசு வரவில்லை.

உங்கள் பீரோவைப் பற்றிச் சொல்லாமல் உங்களைப் புகழ்ந்ததாகாது. மேல் தட்டு முழுக்க இசைத்தட்டுகள், வருட வரிசையில். ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை. வருடத்துக்கு இரண்டு முறை மஞ்சள் துணியால் துடைத்து, மூலையில் ரசகற்பூர உருண்டை போட்டு, சாவியைப் பூணூல் மாதிரி கழுத்துக் கயிற்றிலேயே வைத்திருக்கிறீர்கள். கர்ணன் தட்டை ஒருமுறை எனக்குக் காட்டினீர்கள். ஒரு கீறல் இல்லை, முகம் பார்க்கலாம். பிளேயரின் முள் தேய்ந்து போய் எத்தனையோ வருடம் ஆயிற்று, புது முள் வாங்கவில்லை. போட்டால்தானே கீறல் விழும்.

சித்தியின் கேசட்டும் எனக்குத் தெரியும். அடுப்படி அலமாரியில், பருப்பு டப்பாவுக்கும் எண்ணெய்த் தூக்குக்கும் நடுவில் டூ இன் ஒன் இருந்த காலம். கடையில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய ஒரே ஒரு கேசட். மேலே ஒட்டிய தாளில் எழுத்து எண்ணெய் பட்டு அழிந்துவிட்டது. டேப் இரண்டு தடவை அறுந்து, நகப்பூச்சால் ஒட்டி, பென்சில் விட்டுச் சுற்றியது. ஒட்டின இடத்தில் பாட்டு ஒரு குதி குதிக்கும். அந்தக் குதியோடுதான் எங்களுக்கு எல்லாம் அந்தப் பாட்டு மனப்பாடம். பல வருடம் கழித்து ரேடியோவில் முழுசாகக் கேட்டபோது, இடையில் ஒரு வரி இருந்ததே என்று எனக்கு ஆச்சரியம். அதில் எந்த வருடத்துப் பாட்டு எத்தனை என்று சித்திக்கு இன்றைக்கும் தெரியாது.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவைக்கு அவன் தன் ஆயுதச் சாலையைத் திறந்து காட்டினான். பளபளப்பும் மாலையும் காவலுமாக இருந்த அந்த ஆயுதங்களை ஔவை மனசாரப் பாராட்டினாள். எங்கள் அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றும் சொன்னாள். இரண்டும் நிஜம்தான். புறநானூற்றில் அந்தப் பாட்டை எனக்கு அர்த்தம் சொல்லி நடத்தியது நீங்கள்தான், சித்தப்பா. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி, கரண்ட் போன திண்ணையில். அப்போது நீங்கள் அதைச் சொல்லவில்லை, பாடினீர்கள்.

திரும்பி வரும்போது, நீங்கள் தூங்கிய பிறகு, சித்தி ஒன்று சொன்னார். உங்களுக்குப் பதினைந்து பதினாறு வயது இருக்கும்போது நடந்ததாம், உங்கள் அம்மா சொல்லி அவருக்குத் தெரியுமாம். சாயங்காலம் இலங்கை வானொலியில் பாட்டுப் போடும் நேரம் தெரிந்து டீக்கடை வாசலில் போய் நிற்பீர்களாம். டீ குடிக்கக் காசு இருக்காது. சும்மா நின்றால் கடைக்காரர் விரட்டுவார். அதற்காகத் தெருக்கோடிக் குழாயிலிருந்து கடைக்கு இரண்டு குடம் தண்ணீர் சுமந்து ஊற்றுவீர்களாம், அடுத்த பாட்டும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று. ஒருநாள் பாதிப் பாட்டில் ரேடியோ கரகரத்து நின்றுவிட்டது. மிச்சம் என்னவாக இருக்கும் என்று வீட்டுக்கு வந்தும் நீங்களாகவே பாடிப் பாடிப் பார்த்து, உங்கள் அப்பாவிடம் அடி வாங்கினீர்களாம்.

வேனில் மூன்று மணி நேரம் பேசினீர்கள். 1964-க்குச் சாட்சியாக எத்தனையோ படத்தை நிறுத்தினீர்கள். இந்தத் தண்ணீர்க் குடத்தை மட்டும் நீங்கள் சொல்லவில்லை. தன்னைப் பற்றிப் பேசாத பெரிய மனிதர் என்று ஊரில் உங்களைச் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் அன்றைக்கு அந்த ஒரு குடத்தைச் சொல்லியிருந்தால் அத்தான் அப்போதே வாயை மூடியிருப்பார். தம்பி தன் முதல் வாக்மேன் கதையைச் சொல்லியிருப்பான். டிரைவர் தம்பியும் சத்தத்தைக் கூட்டியிருப்பார். அந்தப் பையன் எனக்கு வேண்டும், சித்தப்பா. அவன் இருந்த இடத்தில் இப்போது ஒரு காவல்காரர் உட்கார்ந்திருக்கிறார், நல்ல காவல்காரர், ஒரு ஈ எறும்பை உள்ளே விடாதவர். எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் பிளேயருக்குப் பொருந்துகிற முள் ஒன்று தேடிப் பிடித்து வாங்கிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். பீரோச் சாவியை எடுத்து வையுங்கள், கர்ணன் தட்டை முதலில் போடுவோம். சித்தியை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள், காப்பியை நான் போடுகிறேன். தட்டில் கீறல் விழுந்தால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள், பாட்டு முடிந்த பிறகு.