ரெண்டும் ஒண்ணுதானே?

ஒரே மூலக் கோப்புகளை வைத்து இரண்டு கணினிகளில் கையேடு தயாரித்தால், இரண்டும் ஒரு பைட்கூட மாறாமல் அப்படியே இருக்கவேண்டும். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! எங்கள் கோலாலம்பூர் மேலாளர் இதைக் கேட்டதும், "இதென்ன சார் பிரமாதம், சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டேன். எந்தச் சாயங்காலம் என்று நல்லவேளையாகச் சொல்லவில்லை.

சுங்கைப்பட்டாணியில் ஒரு தாமான் வீட்டில் உட்கார்ந்தபடி, ஒரு மென்பொருளுக்குக் கையேடு எழுதிப் பிழைக்கிறவன் நான். யாருமே படிக்காத ஒன்று ஒரே மாதிரி இருந்தால் என்ன, இல்லாவிட்டால்தான் என்ன என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி கேட்டுவிட்டாள்.

விஷயம் இருக்கிறது. மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் நாம் கணினியில் போட்டுக்கொள்வது அதிலிருந்து யாரோ, எங்கேயோ தயாரித்துக் கொடுத்த பொதியை. நடுவில் ஒருவன் எதையாவது சொருகிவிட்டால்? கென் தாம்சன் 1984ல் வெளியான தம் டூரிங் விருது உரையிலேயே இந்தப் பயத்தைக் கிளப்பிவிட்டார். 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் விவகாரம் வெடித்தபோது, வெளியீட்டுப் பொதிக்குள் இருந்த திருட்டு வரி பொதுக் களஞ்சியத்தில் இல்லவே இல்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் தனித்தனியாகத் தயாரித்து, இரண்டும் அச்சாக ஒன்றாக வந்தால் இந்தப் பயம் பெருமளவு குறையும். டெபியன் லினக்ஸ்காரர்கள் 2013லிருந்து இதற்காக மல்லுக்கட்டுகிறார்கள். கையேடும் அதே பொதிக்குள்தான் போகிறது. அடியில் ஒரு தேதி மாறினால் முழுப் பொதியும் ஃபெயில்.

இதை அப்பாவுக்கு விளக்க நான் படம் எல்லாம் வரைந்தேன். பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்டோர்ல ரெண்டு தடவ பால நிறுத்தா ஒரே எடைதாண்டா வரணும். வரலன்னா நடுவுல எவனோ கை வச்சிருக்கான். இதுக்கு எதுக்கு படம்?" என்றார். கென் தாம்சனுக்கு ஓர் உரை தேவைப்பட்டது.

என் கையேட்டில் கை வைத்தவன் யார் என்று பார்க்க டிஃபோஸ்கோப் என்ற கருவியை ஓட்டினேன். இரண்டு கோப்புகளை உரித்துப் போட்டு எங்கே வித்தியாசம் என்று காட்டும் டெபியன் கைங்கரியம் அது. காட்டியது. வித்தியாசம் எல்லாம் நான்தான்.

என் கணினியில் பயனர் பெயர் 'குண்டு'. வீட்டில் அம்மா வைத்த செல்லப்பெயர். யார் பார்க்கப்போகிறார்கள் என்று வைத்தது. தயாரிப்புக் கருவி தான் எந்த அடைவில் ஓடியது என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் பதித்துவைத்திருந்தது. காணொளிக் கூட்டத்தில் அதைத் திரையில் போட்டு, "யாருங்க இந்த குண்டு?" என்று மேலாளர் கேட்டது ஒரு வெள்ளிக்கிழமை. நான் இருக்கும் கெடாவில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, கோலாலம்பூரில் சனியும் ஞாயிறும். ஆக, வெள்ளிக்கிழமை கூட்டம் என்றால் என் முதுகுக்குப் பின்னால் குடும்பமே கூடியிருக்கும். நான் ஒரு பதிலை யோசிப்பதற்குள் சின்னவன் திரைக்குள் தலையை நீட்டி, "அப்பாதான்!" என்றான்.

அடுத்தது மாதம். என் கணினி மலாயில் 'ஓகோஸ்' என்கிறது, அலுவலக சர்வர் 'ஆகஸ்ட்' என்கிறது. பொருளடைவில் ஒன்று பெரிய எழுத்துகளை எல்லாம் முன்னால் தள்ளுகிறது, மற்றது கலந்து அடுக்குகிறது. பைதான் மொழியோ ஒரு தொகுப்பில் உள்ள சொற்களை ஓட்டத்துக்கு ஓட்டம் வேறு வரிசையில் கொடுக்கிறது. தாக்குதலுக்குத் தப்பிக்க வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்களாம். மொழி அமைப்பைப் பூட்டி, எல்லாவற்றையும் வரிசைப்படுத்தித் தொலைத்தேன்.

என்னை உண்மையில் கவிழ்த்தது நேரம்தான். இதற்கென்றே 2015ல் ஓர் ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார்கள். சோர்ஸ் டேட் எப்போக் என்று ஒரு மாறி. 1970 ஜனவரி 1 கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை வினாடி என்று அதில் போட்டுவிட்டால், கருவிகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் அதையே தேதியாக எடுத்துக்கொள்ளும். மூலம் கடைசியாக மாறிய நேரத்தைப் போடுவதுதான் முறை. முறை என்று இருந்தால் அதைப் படித்துப் பார்க்க வேண்டுமே. நான் பூஜ்யத்தைப் போட்டேன்.

கையேட்டின் அடியில் தேதி பதிக்க ஒரு பைதான் துண்டு எழுதிவைத்திருந்தேன். அது சர்வரில், 1970 ஜனவரி 1, நள்ளிரவு 12 என்றது. என் கணினியில் அதே நாள், காலை 7.30 என்றது. உள்ளூர் நேரத்தை எடுக்கிறது, சரி. ஆனால் நாம் கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம், எட்டு என்றல்லவா காட்ட வேண்டும்? அரை மணி நேரம் எங்கே போனது? பைதானைச் சந்தேகித்தேன், கணினியைச் சந்தேகித்தேன், கடிகார பேட்டரியைக்கூட மாற்றினேன். எனக்கு ஏழரை பிடித்திருப்பது மட்டும் புரிந்தது.

"அப்ப நமக்கு ஏழரைதானடா" என்றார் அப்பா, சாய்வு நாற்காலியில் கண்ணைத் திறக்காமலே.

அவர் சொன்னது சரி. தீபகற்ப மலேசியா 1905லிருந்து கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் முன்னால் இருந்தது. பிறகு ஏழு மணி இருபது நிமிடம், பிறகு ஏழரை. ஜப்பான்காரன் வந்தபோது தோக்கியோ கணக்கில் ஒன்பது. அவன் போனதும் மறுபடி ஏழரை. சபா, சரவாக்கோடு ஒன்றாக்க 1982 ஜனவரி 1ஆம் தேதி அரை மணி முன்னால் தள்ளி எட்டாக்கினார்கள். அப்போது பிரதமர், நம்ம அலோர் ஸ்டாரில் பிறந்த மகாதீர். சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. ஆனால் உலகக் கணினிகளுக்கு நேரம் சொல்லும் தரவுத்தளத்தில் இன்றைக்கு 'கோலாலம்பூர்' என்பது 'சிங்கப்பூர்' என்ற பதிவுக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். இதை நான் வீட்டில் மட்டும்தான் சொல்கிறேன்.

கடிகாரம் முன்னால் போனதே தவிர சூரியன் போகவில்லை. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அதே மணி, இருட்டு மட்டும் கூடுதல். அப்பா தொலைத்த அந்த அரை மணித் தூக்கத்தைத்தான் இப்போது மத்தியானங்களில் வட்டியோடு வசூலிக்கிறார்.

உள்ளூர் நேரத்தைத் தூக்கி எறிந்து கிரீன்விச்சையே வைத்தேன். மிச்சம் பிடிஎஃப். அதற்குள் தயாரான நேரமும் ஓர் அடையாள எண்ணும் ஒளிந்திருக்கும். பிடிஎஃப் தயாரிக்கும் டெக் லைவ் தொகுப்பில் 2016லிருந்து அதுவும் அந்த மாறியின் பேச்சைக் கேட்கிறது. கடைசியில் ஓர் இரவு இரண்டு கோப்புகளின் ஷா-256 கைரேகையையும் எடுத்தேன். 64 எழுத்தும் ஒன்றுக்கொன்று அச்சாக நின்றன.

மறுநாள் காலை இரண்டையும் அச்செடுத்து மனைவியின் முன்னால் வைத்தேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தாளைக் கண்டால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும்.

"ரெண்டும் ஒண்ணுதானேன்னு நான் அப்பவே சொன்னேன்லா" என்றவள், அட்டையைப் பார்த்து நிறுத்தினாள். "என்னங்க, உங்க கம்பெனி பேரையே தப்பா எழுதி வச்சிருக்கீங்க?"

"எதுல?"

"ரெண்டுலயுந்தான்."