பேத்தியின் மார்க்கும் ஒரு பெடரல் சட்டமும்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கோபத்தில் ஃபோனை வைத்துவிட்டாய். "நீ வேலை பாக்குற காலேஜுலதான் அவ படிக்கா. அவ மார்க்கு உனக்குத் தெரியாதுன்னு யாருக்குக் காது குத்துத?" என்று கேட்டாய். பின்னாலிருந்து அப்பா "என்னமோ மறைக்கா" என்றதும் காதில் விழுந்தது. ஃபோனில் விளக்கினால் பாதியில் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவாய். அதனால்தான் கடிதம். அப்பாவைச் சத்தமாக வாசிக்கச் சொல்.

1974-இல் இங்கே அமெரிக்காவில் ஒரு சட்டம் போட்டார்கள். ஃபெர்பா என்பார்கள். பிள்ளை கல்லூரியில் காலெடுத்து வைத்ததிலிருந்து அதன் மார்க் அதற்கு மட்டுமே சொந்தம். ஃபீஸ் கட்டுகிற அப்பனும் ஆத்தாளும் கேட்டால் நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. வருமான வரிக் கணக்கில் பிள்ளையைக் காட்டியிருந்தால் பெற்றோருக்குச் சொல்லலாம் என்று ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். சொல்லியே ஆகவேண்டும் என்று இல்லை. எங்கள் பல்கலைக்கழகத்தில் பிள்ளை கையெழுத்துப் போட்ட தாள் வந்தால்தான் பேச்சு. உன் பேத்தியிடம் அந்தத் தாளை நீட்டினேன். "யோசிச்சுச் சொல்றேன்மா" என்றாள். அது போன ஆகஸ்டில். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

இதில் கொடுமை என்னவென்றால், என் மேசைக் கம்ப்யூட்டரில் அவள் பெயரைத் தட்டினால் எல்லாம் வந்து நிற்கும். யார் தட்டியது, எத்தனை மணிக்குத் தட்டியது என்பதும் கூடவே பதிவாகிவிடும். வேலைக்கு அவசியம் இருந்தால்தான் ஒரு மாணவரின் ஏட்டைத் திறக்கலாம். பெற்ற வயிறு பதறுவது வேலை சார்ந்த காரணம் ஆகாதாம். மேலதிகாரியிடம் ஜாடையாகக் கேட்டும் பார்த்துவிட்டேன். அவள் நான் வேலை பார்க்கிற ஆனர்ஸ் பிரிவில் சேர்ந்திருந்தாலாவது ஏதாவது வழி இருந்திருக்கும். "நீ இருக்கற எடத்துல நான் வரமாட்டேன்" என்று கெமிஸ்ட்ரி பக்கம் போய்விட்டாள்.

இந்தச் சட்டத்தை மறக்காமல் இருக்க வருஷா வருஷம் எங்களுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை வேறு. ஒரு கேள்வி: பேராசிரியர் விடைத்தாள்களை அறை வாசலில் அடுக்கிவைத்து, அவரவர் எடுத்துக்கொள்ளச் சொல்லலாமா? கூடாது. ஒருவர் தாளை இன்னொருவர் பார்த்துவிடுவாராம். மாணவர்களின் மார்க்கைக் காப்பாற்றுவதற்கான பரீட்சையில் நான் வாங்குகிற மார்க் மட்டும் நேராக மேலதிகாரிக்குப் போகிறது. அதைக் காப்பாற்ற ஒரு சட்டமும் இல்லை.

அப்பாவுக்குக் கோர்ட் கதை பிடிக்குமே, ஒன்று சொல்கிறேன். ஒக்லஹோமா மாநிலத்தில் ஒவாசோ என்று ஒரு ஊர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைத் தாளை மாற்றிக்கொண்டு திருத்தி மார்க்கைச் சத்தமாகச் சொல்ல வைத்தார்கள் என்று ஒரு தாய் வழக்குப் போட்டார். நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் தினம் நடந்த காரியம். அது வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. 2002-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, தாளை மாற்றித் திருத்துவதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். என் பிளஸ் டூ கணக்கு மார்க் எனக்குத் தெரிவதற்கு முன்பே பால்காரருக்குத் தெரிந்திருந்தது. மார்க்கெட்டில் வைத்து, "இன்னும் ரெண்டு வாங்கியிருக்கலாம்லா" என்றாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஊரில் பிறந்தவள் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

பெரியப்பாவிடம் என் வேலையைப் பற்றி என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தாய். புரொபசர் என்று சொல்லிவைக்காதே; அவர் கல்யாண வீட்டில் மைக் பிடித்துச் சொல்வார். இங்கே ஆனர்ஸ் என்றால் அவர் காலத்து பி.ஏ. ஆனர்ஸ் போலத் தனிப்பட்டம் இல்லை. எந்தப் பாடம் படித்தாலும், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சின்ன வகுப்பு, கூடுதல் வேலை, கடைசி வருஷம் சொந்தமாக ஓர் ஆய்வேடு. ஆக்ஸ்போர்டில் படித்துவிட்டு வந்த ஃபிராங்க் அய்டலாட் என்பவர் 1921-இல் ஸ்வார்த்மோர் கல்லூரிக்குத் தலைவரானார். அடுத்த வருஷமே இப்படி ஒன்றை அங்கே தொடங்கினார். அவரைப் பார்த்து ஒவ்வொரு கல்லூரியாக ஆரம்பித்து, இப்போது இந்த அயோவா மக்காச்சோளக் காட்டு நடுவிலும் ஒன்று இருக்கிறது. ஆய்வேட்டுப் பாரத்தில் கையெழுத்து வாங்குவது, அறைச் சாவி தேடுவது, புரொஜெக்டர் எரியவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுவது, பீட்சா சொல்வது, அழுகிற பிள்ளைக்கு டிஷ்யூ நீட்டுவது, இதெல்லாம் நான். புரொபசர்களுக்குக் கோடை விடுமுறையும் ஜன்னல் வைத்த அறையும் உண்டு. எனக்கு இரண்டும் கிடையாது. பெரியப்பாவிடம் "நிர்வாகம்" என்று பொதுவாகச் சொல்லிவை.

ஆனாலும் வியாழக்கிழமை மாதிரி ஒரு நாள் வாய்த்தால் ஜன்னல் இல்லாதது உறைப்பதில்லை.

அன்றைக்கு ஒரு பையனின் ஆய்வேட்டுத் தேர்வு. விவசாயி வீட்டுப் பிள்ளை; அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இங்கே வயலுக்கு அடியில் குழாய் பதித்து, தேங்குகிற தண்ணீரை வடித்து ஓடையில் விடுகிறார்கள். மக்காச்சோளத்துக்குப் போட்ட உரத்தின் நைட்ரேட் அதோடு போய் ஆற்றில் கலக்கும். குடிதண்ணீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. தே மொய்ன் நகரத்துக் குடிநீர் வாரியம் அதைப் பிரித்தெடுக்கவே தனி ஆலை வைத்திருக்கிறது. 2015-இல் மூன்று மாவட்டங்கள்மேல் வழக்கே போட்டது. 2017-இல் அது தள்ளுபடியானது. இங்கே விவசாயிகளிடம் இந்தப் பேச்சை எடுத்தால் முகம் இறுகிவிடும். இவன் அளந்தது தன் வீட்டு வயலின் வடிகால் தண்ணீரை!

அவன் அப்பா கடைசி வரிசையில் இருந்தார், விதைக் கம்பெனித் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. ஏப்ரல் கடைசி, விதைப்புக் காலம்; முந்தின ராத்திரி மழை பெய்து வயல் ஈரமாக இருந்ததால்தான் வர முடிந்தது. பையன் எண்களைத் திரையில் போட்டான். விதியைத் தாண்டிய எண்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்புறம் மரச்சீவல் நிரப்பிய பள்ளத்தின் வழியாக வடிகாலைத் திருப்பினால் அதிலுள்ள பாக்டீரியா நைட்ரேட்டை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும் என்று விளக்கி, அப்படித் திருப்பிய பிறகு எடுத்த எண்களையும் போட்டான். ஒரு புரொபசர், "பள்ளம் தோண்ட என்ன செலவாயிற்று?" என்று கேட்டார். பையன் முழித்தான். பின்னாலிருந்து குரல் வந்தது: "டீசல் மட்டும்தான். நான் தோண்டினேன்." அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது கணக்கு.

பிறகு எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் பாரம் என் கைக்கு வந்தது, மூன்று கையெழுத்தோடு. பையன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். அப்பா என் முன்னால் நின்று, "தேறிட்டானா?" என்றார். பதில் என் கையில் இருக்கிறது. சட்டம் என் தொண்டையில் இருக்கிறது. "இன்றைக்கும் மழை வரும்போல இருக்கிறதே" என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்து, "மேற்கே கிளம்புது" என்றார். காற்று, ஈரம், எப்போது வயலில் வண்டி இறங்கும் என்று நின்று பேசினோம். பாரத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன், எழுத்து தெரியாமல் இருக்க. அப்புறம் பையன் வந்து, உள்ளே எட்டிப்பார்த்துத் திரும்பி, "பாஸ்ப்பா" என்றான்.

அந்த மனிதர் "ம்" என்றார். தோளில் ஒரு தட்டு. தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் ஸ்கூல் ஃபைனல் தேறிய அன்று அப்பா தெரு முழுக்க அல்வா கொடுத்தார். எதிர்வீட்டுப் பிள்ளை தவறிவிட்டது என்று அவர்கள் வீட்டுக்கு மட்டும் கொடுக்காமல் வந்து, திண்ணையில் வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்பாவிடம் இதைப் பேசவேண்டும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். அம்மா, இந்தப் பத்தியை மட்டும் நீ வாசி.

மே மாதம் பட்டமளிப்புக்கு முதல் நாள் ஆனர்ஸ் பிள்ளைகளுக்குக் கழுத்தில் பதக்கம் போடவேண்டும். போடுவது நான்தான். இந்த ஊர்ப் பையன்கள் எல்லாம் ஆறடி. நான் உன் உயரம். போன தடவை ஒருவன் என் வசதிக்காக முழங்காலே போட்டுவிட்டான். அதைப் போட்டோ எடுத்து ஆபீஸ் சுவரில் மாட்டிவைத்திருக்கிறார்கள். இந்த வருஷம் முக்காலி கேட்டிருக்கிறேன். பட்டுச் சேலை கட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பா மகன் சிகாகோ வரும்போது அந்த மாம்பழக் கலர் சேலைக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துவிடு. பீரோவில் இருக்கிற அளவு ஜாக்கெட்டைக் கொடுக்காதே. அது என் கல்யாணத்துக்குத் தைத்தது. மதினியின் ஜாக்கெட்டைக் கொடுத்து, அதிலும் ரெண்டு இஞ்ச் கூட்டி, பிரிக்க உள்ளே துணி விடச் சொல்.

அன்புடன்,
உன் மகள்