எந்த நீதிபதிக்கு இனமில்லை?

கேள்வி: கறுப்பினப் பெண்ணாகிய ஒரு நீதிபதி, பெண்கள் தொடுக்கும் வழக்கைப் பட்சபாதமின்றி விசாரிக்க இயலுமா?

பதில்: இந்த ஐயம் 1975-இல் நியூயார்க்கில் பிரபலமான ஒரு வக்கீல் ஸ்தாபனத்துக்கும் உண்டாயிற்று. பெண்களுக்கு உத்தியோகம் தருவதில் பேதம் காட்டியதாக அந்த ஸ்தாபனத்தின்மீது தொடரப்பட்ட வழக்கு, அமெரிக்க சமஷ்டி நீதிமன்றங்களில் முதல் கறுப்பினப் பெண் நீதிபதியாக 1966-இல் ஜனாதிபதி ஜான்சனால் நியமிக்கப்பட்ட கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி அம்மையாரிடம் வந்தபோது, அவர் விலக வேண்டுமென்று பிரதிவாதிகள் மனுச் செய்தனர். இனமும் பாலும் பூர்வாசிரமமுமே ஒரு நீதிபதியை விலக்கப் போதுமான காரணங்களானால், இந்த நீதிமன்றத்தில் இவ்வழக்கைக் கேட்க ஒரு நீதிபதியும் மிஞ்சமாட்டார், ஏனெனில் அவை இல்லாத நீதிபதியே இல்லை என்ற கருத்தில் உத்தரவு எழுதி, அம்மையார் ஆசனத்திலேயே அமர்ந்திருந்தார். ஆணும் ஒரு பாலே என்பதை இவ்வளவு சுருங்க விளங்கவைத்த உத்தரவு வேறொன்றை நான் படித்ததில்லை.

யேல் சர்வகலாசாலை மாணவர் சங்கங்களுக்குச் சமையல் செய்த ஒருவரின் புதல்வி அவர். 1962-இல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின இளைஞருக்கு மிசிசிப்பி சர்வகலாசாலையின் கதவைத் திறந்துவிட்டதும், உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய பத்து வழக்குகளில் ஒன்பதை வென்றதும் அவருடைய வக்கீல் வாழ்வின் சாதனைகள். பேஸ்பால் ஆட்டக்காரர்களின் உடைமாற்றும் அறைக்குள் ஆண் நிருபர்கள் தாராளமாய்ச் சென்றுவர, பெண் நிருபரை மட்டும் வாசலில் நிறுத்தும் வழக்கம் யாங்கி மைதானத்தில் செல்லாதென்று 1978-இல் தீர்ப்பளித்தவரும் அவரே.